விரலுக்கு எழுத்தறிவித்தவர்

ஹற்றனில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. தெருவுக்கு வர இருபத்திரண்டு படிகள் இறங்க வேண்டும். கண் அழுத்த நோயால் உம்மும்மாவின் பார்வை மங்கி, பின்னர் முற்றாகவே போய்விட்டது. அதன் பிறகு அவரை நாங்கள் அந்தப் படிகளில் தனியே விடவில்லை. சிறிது நாளில் குசினிக்குள்ளும் விடவில்லை. கேத்தலை உம்மா வாங்கிக்கொண்டார். தேயிலைப் பேணியை நான் வாங்கிக்கொண்டேன். வுழூச் செய்யவும் யாராவது ஒருவர் கைபிடித்து அழைத்துப் போனோம். எல்லாம் அன்பினால்தான் செய்தோம். ஆனால் உம்மும்மா கதைப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

இந்த வேளையில்தான் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்காக லூயி பிரெயிலின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். போட்டியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் வாசித்தது வீட்டுக்கு உதவியது. அதனால் அதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

லூயி பிரெயில் 1809 ஜனவரி 4ஆம் திகதி, பாரிஸ் நகருக்குக் கிழக்கே உள்ள குப்வ்ரே என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. மூன்று வயதில் லூயி தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடினார். ஊசி வழுக்கி ஒரு கண்ணில் குத்தியது. அந்தப் புண்ணின் நஞ்சு மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதாகும்போது இரு கண்களும் முழுமையாக இருண்டுவிட்டன.

அக்காலத்தில் ஏழை வீட்டில் பார்வையற்ற பிள்ளைக்கு முன்னால் இருந்த வழி பெரும்பாலும் பிச்சை எடுப்பதுதான். லூயியின் பெற்றோர் அதற்கு இணங்கவில்லை. தந்தை மகனுக்குக் கைத்தடி செய்து கொடுத்தார். அதைத் தட்டித் தட்டிப் பிள்ளை கிராமத்து வழிகளைப் பழகிக்கொண்டது. ஊர்ப் பாடசாலை ஆசிரியரும் மற்றப் பிள்ளைகளோடு அவரை வகுப்பில் அமர்த்தினார். கேட்டதைக் கொண்டே லூயி நன்றாகப் படித்தார்.

1819இல், பத்து வயதில், பாரிஸில் இருந்த விழிப்புலனற்ற இளைஞர்களுக்கான அரச நிறுவனத்தில் சேர்க்கப்பட்டார். வலன்தீன் ஹாயுயி என்பவர் தொடங்கிய பாடசாலை அது. கட்டடமோ ஈரம் கசியும் பழைய கட்டடம். அங்கே வழக்கமான எழுத்துகளைத் தடித்த தாளில் புடைக்க அச்சிட்ட சில புத்தகங்கள் இருந்தன. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். அதைவிடப் பெரிய குறை, அந்த முறையில் மாணவர்கள் தாமாக எதையும் எழுத முடியாது. பிறர் அச்சிட்டுக் கொடுத்ததை மட்டுமே வாசிக்கலாம்.

1821இல் சார்ள்ஸ் பார்பியே என்ற முன்னாள் படை அதிகாரியின் முறை ஒன்று அந்தப் பாடசாலைக்கு வந்தது. புடைத்த புள்ளிகளால் எழுதும் முறை அது. புள்ளி விரலுக்கு இலகுவாகப் பிடிபட்டது. ஆனால் ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டன. விரல் நுனியில் அவை அடங்கவில்லை. எழுத்துக்கூட்டுவதற்கும் நிறுத்தக் குறிகளுக்கும் வழி இல்லை.

லூயி இரவிலும் விடுமுறையிலும் இருந்து அதைத் திருத்தினார். 1824இல், தமது பதினைந்தாவது வயதில், பன்னிரண்டை ஆறாக்கினார். இரண்டு நிரல், ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளிகள். விரலை நகர்த்தாமலே ஓர் எழுத்தை அறியலாம். அந்த ஆறு புள்ளிகளிலிருந்து 63 வடிவங்கள் கிடைக்கின்றன. எழுத்து, எண், நிறுத்தக் குறி, இசைக் குறி எல்லாம் அவற்றுள் அடங்கும். எழுதுவதற்கு ஒரு சட்டமும் ஒரு கூரிய எழுத்தாணியும் போதும். பார்வையைப் பறித்ததும் அதைப் போன்ற ஒரு கூரிய ஊசிதான் என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

லூயி அதே நிறுவனத்தில் ஆசிரியரானார். பாரிஸ் தேவாலயங்களில் ஓர்கன் வாசித்தார். 1829இல் தமது முறையை விளக்கி நூல் வெளியிட்டார். மாணவர்கள் அதை ஆசையோடு பழகினார்கள். எதிர்ப்பு வந்தது கண் உள்ளவர்களிடமிருந்து. தங்கள் கண்ணுக்குப் புரியாத எழுத்து பார்வையற்றோரைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்றார்கள். 1840இல் பொறுப்பேற்ற புதிய அதிபர் பாடசாலையில் அந்த எழுத்தையே நிறுத்திவிட்டார். மாணவர்களோ இரகசியமாக அதிலேயே எழுதினார்கள்.

அந்த அதிபரும் அவரோடு நின்றவர்களும் தீயவர்கள் அல்லர். பார்வையற்ற பிள்ளைகளுக்கு நன்மை செய்வதாகவே நினைத்தார்கள். ஆனால் எது நன்மை என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்கவில்லை. இந்த இடத்தை வாசித்தபோது எங்கள் வீட்டுக் கேத்தல்தான் என் நினைவுக்கு வந்தது.

லூயி கோபத்தில் ஒதுங்கிவிடவில்லை. பார்வையற்ற பிள்ளைகள் தம் வீட்டாருக்குக் கடிதம் எழுத வேண்டும், அதைத் தாய் தந்தையர் கண்ணால் வாசிக்கவும் வேண்டும் என்று எண்ணி, வழக்கமான எழுத்துகளையே புள்ளிகளால் வரையும் இன்னொரு முறையையும் 1839இல் வெளியிட்டிருந்தார். 1844இல் நிறுவனத்தின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அவரது எழுத்து மக்கள் முன்னிலையில் காட்டப்பட்டது. சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை எழுத, அப்போது அங்கில்லாத இன்னொரு பிள்ளை வந்து விரலால் தடவி வாசித்தது. அதன் பின் தடை நிற்கவில்லை.

ஆனால் காசநோய் அவரைப் பல ஆண்டுகளாக அரித்துக்கொண்டிருந்தது. 43ஆவது பிறந்த நாள் கழிந்து இரண்டே நாளில், 1852 ஜனவரி 6ஆம் திகதி காலமானார். பிரான்ஸ் அவரது எழுத்தை உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1854இல்தான். நூறாண்டு கழித்து, 1952இல், அவரது உடல் பாரிஸில் நாட்டின் பெரியோர் அடங்கியுள்ள பந்தியோனுக்குக் கொண்டு செல்லப்பட்டது. கைகளை மட்டும் சொந்த ஊரான குப்வ்ரேயிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அந்த எழுத்து நம் மண்ணுக்கும் வந்தது. 1912இல் மேரி சாப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி தொடங்கிய செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை இரத்மலானையில் வளர்ந்தது. தமிழ்மொழிப் பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை உருவானது. தெற்காசிய மொழிகளுக்குப் பொதுவான பிரெயில் ஒழுங்கு 1951இல் அமைந்தது. அதில் ஓர் அழகு உண்டு. தமிழின் ‘க’, சிங்களத்தின் ‘க’, ஆங்கிலத்தின் ‘கே’, அரபின் ‘காஃப்’ எல்லாவற்றுக்கும் அதே இரண்டு புள்ளிகள். அரபும் பிரெயிலில் இடமிருந்து வலமாகவே வாசிக்கப்படுகிறது. புனித குர்ஆனையும் அப்படி ஓதுகிறார்கள்.

சகோதரிகளே, இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் பொருட்டே ‘அபஸ’ என்ற சூரா இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் அவரை ஒரு மூலையில் அமர்த்திப் பராமரிக்கச் சொல்லவில்லை. பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். பயணம் போகும்போது மதீனாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் கொடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

இன்று விழிப்புலனற்றோருக்காக இயங்கும் தொண்டு நிறுவனங்கள் செய்வதும் இதுதான். வெள்ளைப் பிரம்போடு நடக்க, அடுப்பில் சமைக்க, பிரெயில் வாசிக்க, பேசும் கைப்பேசியைக் கையாளப் பழக்குகிறார்கள். வேலையைத் தாம் செய்து கொடுப்பதில்லை. செய்யும் வழியைக் கையில் கொடுக்கிறார்கள்.

உம்மும்மாவுக்கு இந்த வயதில் பிரெயில் பழக விருப்பமில்லை. என்ன வேண்டும் என்று முதன்முறையாக அவரிடமே கேட்டோம். குசினி வேண்டும் என்றார். சீனிப் பேணிக்கு ஓர் இறப்பர் வளையமும் உப்புப் பேணிக்கு இரண்டும் போட்டோம். எந்தப் பொருளையும் இடம் மாற்றி வைப்பதில்லை என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். வாப்பா படியோரமாக ஒரு கைபிடிக் கம்பி போட்டுத் தந்தார்.

சென்ற வாரம் சுபஹ் தொழுகைக்குப் பின் உம்மும்மாவே பிளேன்டி ஊற்றிக் கொண்டுவந்தார். சீனி கொஞ்சம் கூடிவிட்டது. யாரும் அதைச் சொல்லவில்லை. வாப்பா இன்னொரு கோப்பை கேட்டார்.