தேர்தலில் நிற்காமலே சட்டசபைக்குள் போன டாக்டர்: முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த சட்டத்தின் கதை

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் முத்துலட்சுமி. அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மகளோ 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி டாக்டரானார். 1926-ல் சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரும் ஆனார். ஆனா, அதுக்காக அவர் ஒரு ஓட்டுகூட வாங்கவில்லை. எப்படி?

தேர்தலா, நியமனமா?

1919-ம் ஆண்டு சட்டப்படி அமைந்த அந்த சபையில் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள் 98 பேர். மற்றவர்கள் ஆளுநர் நியமித்தவர்களும் அவரது நிர்வாகக் குழுவினரும். ஓட்டும் எல்லோருக்கும் கிடையாது. சொத்து இருக்கணும், இல்லைன்னா வரி கட்டணும். 1921-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தபோதும் இதே நிபந்தனைதான்.

1926 தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய, குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். முத்துலட்சுமி நியமன உறுப்பினராக உள்ளே போனார். சக உறுப்பினர்கள் அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய துணை சபாநாயகர் மாதிரியான பதவி அது.

தீர்மானம் வேற, சட்டம் வேற

சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. ஆனா, தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரைதான். மீறினால் தண்டனை இல்லை. சட்டமாக்க வேண்டும் என்றால் மசோதா தாக்கலாகி, விவாதம் நடந்து, வாக்கெடுப்பில் ஜெயித்து, மேலிடத்து ஒப்புதலும் கிடைக்கணும்.

எனவே, அடுத்து நிலத்தில் கைவைத்தார். கோயில் சேவைக்கு ஈடாக தேவதாசி குடும்பங்களுக்கு இனாம் நிலம் இருந்தது. சேவை நின்றால் நிலமும் போய்விடும். நிலத்தைக் காப்பாற்றவே அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கும் பொட்டுக்கட்ட வேண்டிய நிலை. 1929-ல் நிறைவேறிய இந்து அறநிலையச் சட்டத் திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. சேவை செய்யாவிட்டாலும் நிலம் குடும்பத்துக்கே என்றானது.

பாதியில் நின்ற மசோதா

அடுத்து, பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவைக் கையில் எடுத்தார். அதற்குள் 1930 உப்பு சத்தியாகிரகத்தில் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியைத் துறந்தார். சபையில் அந்த மசோதாவை முன்நகர்த்த அவர் இல்லை. முழுத் தடைச் சட்டம் 1947-ல்தான் வந்தது. 17 ஆண்டுகள்! அந்த இடைவெளியில் வளர்ந்த சிறுமிகளுக்கு அது சின்ன தாமதம் இல்லை.

1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய அவர், 1968-ல் மறைந்தார்.

இன்றைக்கு தமிழ்நாடு சட்டப்பேரவையில் 234 பேரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 18 வயதானால் ஓட்டு, சொத்து தேவையில்லை. மாறாதது ஒன்று உண்டு. அடுத்த முறை ‘பேரவையில் நிறைவேறியது’ என்று செய்தி வந்தால், அது தீர்மானமா, மசோதாவா என்று பாருங்கள். ரெண்டும் ஒண்ணு இல்ல.