நாயனாப் பிள்ளையின் தாளக் கை

சுப்பிரமணிய பிள்ளை என்னும் இயற்பெயருடைய காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை 1889ஆம் ஆண்டு பிறந்தார். புகழ்பெற்ற காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் இசை மரபில் வந்தவர். ஆயினும் இளமையில் அவர் நாட்டம் மற்போரிலும் பட்டம் விடுவதிலுமே சென்றது என்பர். பிந்தித் தொடங்கிய சாதகத்தில் அவர் முதலில் வசப்படுத்தியது லயத்தை.

அக்காலத்தில் அவருடைய கச்சேரியை ‘ஃபுல் பெஞ்ச்’ என்றே அழைத்தனர். வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் மேடையை நிறைக்கும். கஞ்சிராவில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை அமர்ந்தால் பாடகர் ஒரு கணம் அயர்ந்தாலும் தாளம் கைநழுவும். பல்லவியில் சொற்கள் ஒரு வரிதான். ஆனால் அதன் அருதி தாளத்தின் குறித்த இடத்திலேயே விழவேண்டும். அவ்வரியையே இரட்டித்தும் நாற்படியாக்கியும் பாடும்போது குரல் ஓட, கை மட்டும் ஓடாமல் நிற்கவேண்டும். எண்ணிக்கொண்டே பாடுபவரால் இது இயலாது. எண்ணிக்கை சாதகத்திலேயே கைக்குள் இறங்கிவிட்டால்தான் அரங்கில் மனம் இராகத்துக்குத் திரும்பும். காஞ்சியில் நெசவாளரின் கால் மிதியைத் தானே அறிய, கண் சரிகையில் நிற்பது போன்றதே இது.

அவர் இசை வெறுங்கணக்கு என்று குறை கூறியோரும் உண்டு. இக்குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கணக்கு வழக்கு முற்றினால் பாவம் வறளும் என்பது பல கச்சேரிகளில் கண்கூடு. ஆனால் வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா அவரிடம் பாடம் கேட்டார் என்பதை மறக்கலாகாது. விளம்பமும் கமகமும் உயிராகக் கொண்ட குடும்பத்துப் பெண் வெறுங்கணக்கைத் தேடியா காஞ்சிக்கு வந்தார்? அரிய தியாகராஜ கீர்த்தனைகளை அவர் திரட்டிப் பரப்பியதும் அதனையே காட்டும். திருப்புகழையும் அவர் மேடையில் விரும்பிப் பாடினார். சந்தமே கவிதையாகும் அந்நூலில் தாளத்தையும் சொல்லையும் பிரித்து நோக்குதல் அரிது. கவிஞர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அதே ஊரில் வளர்ந்த சிறுமி டி.கே. பட்டம்மாள் (1919–2009) அவர் கச்சேரிகளைக் கேட்டுப் பல்லவியில் மனம் வைத்தார். பெண்களுக்கு உரியதன்று எனக் கருதப்பட்ட இராகம் தானம் பல்லவியைப் பின்னாளில் மேடையேற்றினார்.

1934இல், நாற்பத்தைந்து வயதளவில், நாயனாப் பிள்ளை மறைந்தார். அவர் குரலைக் கேட்க இசைத்தட்டு எதுவும் நமக்குக் கிட்டவில்லை. மாணவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அப்பாணியைத் தொடர்ந்து பாடி, 1954இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.