கணிதப் பேராசிரியர் யாக்கோபி

ஜர்மனி தேசத்துக் கணித வல்லுநருள் முன்னணியில் வைத்தெண்ணத் தக்கவர் கார்ல் குஸ்தாவ் யாக்கோப் யாக்கோபி என்பார். இவர் 1804-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் தேதி பொட்ஸ்டாம் நகரில் யூத குலத்தவராகிய ஒரு வட்டிக்கடைச் செல்வரின் புதல்வராய்ப் பிறந்தார். பன்னிரண்டு பிராயத்திலேயே உயர்தரப் பள்ளியின் கடைசி வகுப்பை எட்டினாரெனினும், பதினாறு வயது நிரம்பாதாரைப் பெர்லின் சர்வகலாசாலை ஏற்பதில்லையாதலின், நான்காண்டுகள் அவ்வகுப்பிலேயே தங்கினார். அக்காலத்தை வீணாக்காது, பெருங்கணிதர் நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தார்.

1825-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாளில் பிரஷிய நாட்டுச் சர்வகலாசாலைகளில் யூதருக்கு ஆசிரியப் பதவி இல்லை. யாக்கோபி கிறிஸ்து மதத்தைத் தழுவியபின் அவ்வழி திறந்தது. 1826-இல் கோனிக்ஸ்பெர்க் நகரஞ் சென்று, பதினேழாண்டுகள் அங்கே போதித்தார். நீள்வட்டச் சார்புகளைப் பற்றிய இவருடைய பெருநூல் 1829-இல் வெளிவந்தபோது இவருக்கு வயது இருபத்துநான்கே. பழைய பாடத்தை ஒப்பிப்பதோடு நில்லாமல், தாம் ஆராய்ந்துகொண்டிருப்பதையே மாணாக்கர்க்கு எடுத்துரைத்து, அவரையும் ஆராய்ச்சியிற் புகுத்தியது இவருடைய தனிச் சிறப்பு.

1843-இல் நீரிழிவு நோய் இவரைப் பற்றியது. அரசர் அளித்த பொருளுதவியால் இத்தாலி சென்று சிறிது தேறி, 1844-இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டில் இவர் வெளியிட்ட சிறு கட்டுரையொன்றே இன்று கணிப்பொறி வல்லுநர் பலரும் இவர் பெயரைச் சொல்லக் காரணமாயிற்று.

வானநூலார்க்குப் பல சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கும் தொல்லை உண்டு. யாக்கோபி காட்டிய வழி யாதெனின், ஒவ்வொரு சமன்பாட்டிலும் ஓங்கி நிற்கும் குணகத்தைக் கொண்டு ஓர் அறியாக் கணியத்தை மதிப்பிட்டு, அம்மதிப்புக்களை மீண்டும் இட்டு, சுற்றுக்குச் சுற்று திருத்துவதாம். மூலைவிட்டத்திலுள்ள குணகங்கள் ஓங்கி நில்லாவிடின் திருத்தம் மெதுவாகும். ஆதலின் முதலிற் சமன்பாடுகளைச் சீர்ப்படுத்திக்கொள்ள வேண்டுமென்றார். காஸ் என்பாரின் நூலிலுள்ள மூன்று சமன்பாடுகளை உதாரணமாக எடுத்தார். அவற்றின் மூலைவிட்டக் குணகங்கள் 27, 15, 54. இடையூறாய் நின்றது 6. முதலிரு கணியங்களின் அச்சுக்களை 22½ பாகை சுழற்றவே அந்த 6 மறைந்தது. அதற்குமுன் ஒரு சுற்றில் பிழை ஏறக்குறைய பத்தில் மூன்று பங்காகக் குறையும். சுழற்றியபின் இருபத்தைந்தில் ஒரு பங்கினும் குறைவாகும். அக்காலத்தில் இவருடைய கணக்கு வேலைக்குத் துணைநின்ற மாணாக்கர் சைடல் என்பார், புதிதாய்க் கிடைத்த மதிப்பை உடனே பயன்படுத்தும் வேறொரு முறையைப் பிற்காலத்தில் விளக்கினார்.

இன்று கோடிக்கணக்கான சமன்பாடுகளை ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் பங்கிட்டுத் தீர்க்கின்றன. அங்கே எந்த முன்சீராக்கத்தைத் தேர்வது என்பதே பெரிய வினா. சைடல் முறையில் சுற்றுக்கள் பெரும்பாலும் குறையும். ஆயின் ஒருவர் முடிக்குமளவும் மற்றொருவர் காத்திருக்க நேரும். யாக்கோபி முறையில் முந்தின சுற்றின் மதிப்புக்களே போதுமாதலின், யாவரும் ஒரே வேளையில் உழைக்கலாம். ஆயின் சுற்றுக்கள் பெருகும். இரண்டிற்கும் நடுவாக, அடுத்தடுத்த சமன்பாடுகளைத் தொகுதியாக்கி, ஒவ்வொரு பொறியும் தன் தொகுதியைத் தானே தீர்ப்பதும் உண்டு. சுற்றுக்களின் எண்ணை மட்டும் நோக்காது, ஒரு சுற்றுக்காகும் காலத்தையும், பொறிகள் செய்தி பரிமாறும் காலத்தையும், சீராக்கத்திற்கே செல்லும் உழைப்பையும் கூட்டிப் பார்ப்பவனே சரியாகத் தேர்வான்.

யாக்கோபியின் இறுதி ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. 1848-ஆம் ஆண்டின் அரசியற் கிளர்ச்சியில் இவர் நிகழ்த்திய பிரசங்கம் அரசாங்கத்தாரின் வெறுப்பை விளைத்தது. உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட, மனைவி மக்களைச் செலவு குறைந்த கோத்தா நகருக்கு அனுப்பித் தாம் தனித்து வாழ்ந்தார். வியன்னா நகரம் இவரை அழைக்கவே, பிரஷிய அரசாங்கம் மனமிரங்கியது. எனினும் 1851-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-இல் அம்மைநோய் கண்டு, நாற்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார்.

நோயும் வறுமையும் சூழ்ந்த நாளிலும் இவர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை. கடினமான கணக்கு எதிர்ப்படுங்கால் உடனே அதன்மேற் பாயாது, முதலில் அதைச் சீர்ப்படுத்திக்கொள்க என்பதே இப்பெரியார் வாழ்வினின்று நம் மாணாக்கர் கொள்ளத்தக்க பாடமாகும்.