பூட்டிய அறையும் புதிய பள்ளியும்

மண்டபத்திலே மாலைக் கூட்டம் முடிந்தது. தோழர் ஒருவர் வீட்டுக்கு உணவருந்தச் சென்றோம். அடுத்த குடிசை வாயிலிலே, பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன். இடுப்பிலே கயிறு, கயிற்றின் மறுமுனை தூணிலே! தகப்பன் கடலில், தாய் கருவாட்டுக் கூடையோடு சந்தையில். பேச்சு வராத பிள்ளை. அவிழ்த்துவிட்டால் அலையை நோக்கி ஓடுகிறான், கட்டாமல் என்ன செய்வாள் தாய் என்று தோழர் நம்மைக் கேட்டார். ஒரு மணி நேரம் மேடையிலே முழங்கிவிட்டு வந்த நமக்கு, அங்கே சொல் எழவில்லை. அருகே பனையோலை முடைந்துகொண்டிருந்த பாட்டி, எல்லாம் போன பிறவிப் பாவம் என்றாள், கையை நிறுத்தாமலே.

போன பிறவி! குற்றம் இன்னதென்று எவருக்கும் தெரியாது. தண்டனை மட்டும் தூணிலே தெரிகிறது.

பெற்றவளை நாம் குறை கூறவில்லை. வயிற்றுக்காக வெளியே போகிறவள், பிள்ளையின் உயிரைக் காக்கக் கட்டிவிட்டுப் போகிறாள். கட்டாமல் காக்க வழி உண்டா? ரோமாபுரியிலே, ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, இதைக் கேட்டுப் புறப்பட்டார் ஓர் அம்மையார். அவர் பெயர் மரியா மாண்டிசோரி.

பெயரைக் கேட்டதும் தோழர்களுக்கு எது நினைவுக்கு வரும்? நகரத்துப் பெரிய தெரு, வண்ணப் பலகை, டை கட்டிய குழந்தை, தொழிலாளியின் மாதச் சம்பளத்தை விழுங்கும் கட்டணம்! ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னே உள்ள கதை, பங்களாவிலே பிறந்ததல்ல. பைத்தியக்கார விடுதியிலே பிறந்தது.

1870 ஆகஸ்ட் 31-இல், இத்தாலியின் சியாரவல்லே என்ற ஊரிலே பிறந்தார் மரியா. தந்தை அரசு அலுவலர். மகள் மருத்துவம் படிக்க விரும்பினாள். பெண்ணுக்கு ஏன் கத்தி என்றது ஊர். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுப்பது ஒழுக்கக்கேடாம்! எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, மாலை நேரத்திலே, பிணங்களுக்கு நடுவே தன்னந்தனியாக நின்று படித்தார். 1896-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெர்லின் மாதர் மாநாட்டிலே, உழைக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கு நிகரான கூலி வேண்டும் என்று வாதாடினார். நம் ஆலைத் தோழர்கள் இதையும் குறித்துக்கொள்க.

பிறகு ரோம் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவிலே பணி. நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கப் பைத்தியக்கார விடுதிகளுக்குச் செல்வார். அங்கே மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் சுவர், வெறும் தரை, விளையாட ஒரு மரத்துண்டுகூட இல்லை. உண்டு முடித்த பிள்ளைகள் தரையிலே விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காவல்காரி அருவருப்போடு காட்டினாளாம். அம்மையார் கண்டது வேறு. அவை பசியால் அலைந்த கைகள் அல்ல. தொட்டுப் பார்க்க எதுவுமே இல்லாமல் தவித்த கைகள்!

மனநோய் வேறு, மனவளர்ச்சிக் குறை வேறு. முன்னது நோய், மருந்துண்டு. பின்னதை இன்று அறிவுசார் குறைபாடு என்கிறார்கள். அதற்கு வேண்டியது பயிற்சி. இரண்டையும் ஒரே கொட்டடியிலே போட்டது ரோமாபுரி. நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? இதே ராமநாதபுரம் சீமையிலே, ஏர்வாடியிலே, 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியிலே பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. மாண்டவர் 28 பேர். கயிறும் சங்கிலியும் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல.

மருந்துக் கடையிலே இதற்கு மருந்து இல்லை, பள்ளிக்கூடத்திலேதான் உண்டு என்று அம்மையார் முடிவு கட்டினார். பிரெஞ்சு நாட்டு இட்டார், அவர் மாணவர் செகுவான் ஆகியோர் இத்தகைய குழந்தைகளைப் பழக்கி எழுதிய ஏடுகள் தூசி படிந்து கிடந்தன. அவற்றை இத்தாலிய மொழியிலே தம் கையாலேயே எழுதிப் படித்தார். 1900-இல் ரோமிலே இக்குழந்தைகளுக்கென்று பள்ளி எழுந்தது. காலை எட்டு மணி முதல் இரவு ஏழு மணி வரை அவரே கற்பித்தார். பதினொரு மணி நேரம்!

எப்படிக் கற்பித்தார்? ஒரு சிறுமிக்கு ஊசியும் நூலும் பிடிபடவில்லை. எத்தனை முறை காட்டியும் தோல்வி. தையலை நிறுத்தினார். பாய் முடைவதுபோல, காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோக்கும் வேலையைக் கொடுத்தார். அதிலே கை தேறியது. பிறகு ஊசியைக் கொடுத்தார், தைத்தாள்! எழுத்தும் அப்படியே. மரத்திலே எழுத்துகளைச் செதுக்கி, விரலால் தடவச் செய்தார். கண் தவறவிட்டதை விரல் பிடித்துக்கொண்டது.

அவர்களில் சிலர் பொதுப்பள்ளித் தேர்விலே, மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து எழுதித் தேறினார்கள். ரோமாபுரி வியந்தது. ஆனால் தேர்வு எழுதியவரை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தால் நாம் ஏமாறுவோம். குறை கடுமையாக உள்ள குழந்தைக்கு, கரண்டியைத் தானே பிடிப்பதும், பொத்தானைத் தானே போடுவதும், கழிப்பிடம் போக வேண்டுமென்று சைகை காட்டுவதும் பட்டம்தான். அதற்கு ஈராண்டு, மூவாண்டுகூடப் பிடிக்கலாம்.

இனி ஒரு துயரக் கதை. உடன் பணியாற்றிய மருத்துவர் மான்டெசானோவை அம்மையார் காதலித்தார். 1898-இல் மகன் மாரியோ பிறந்தான். மணமாகாத தாய்! தெரிந்தால் தொழிலும் போகும், பெயரும் போகும். குழந்தை நாட்டுப்புறத்திலே வேறொருத்தியிடம் வளர்ந்தது. பிறர் ஒதுக்கிய பிள்ளைகளை நெஞ்சோடு அணைத்தவர், தம் பிள்ளையை மறைவிலே பார்த்துவிட்டுத் திரும்பினார். தகப்பனோ வேறொருத்தியை மணந்தான். அவன் பெயருக்கு ஒரு கீறலும் இல்லை. 1901-இல் அம்மையார் அந்தப் பள்ளியை விட்டு விலகினார்.

1907 சனவரி 6-இல், சான் லொரன்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பிலே, ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். அதன் புகழ் உலகெங்கும் பரவியது. பரவப் பரவ, முதல் மாணவர்களை உலகம் மறந்தது. அவர்களுக்காக உருவான முறையைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பெற்றார்கள். அம்மையாரும் அந்த வாசலுக்கு முழுநேரப் பணியாகத் திரும்பவில்லை. நமக்கு அதிலே வருத்தமுண்டு. முசோலினியின் ஆதரவை ஏற்றதும் பிழையே. பின்னர் முறித்துக்கொண்டு, 1934-இல் நாட்டை விட்டு வெளியேறினார்.

1939-இல் சென்னைக்கு வந்தார். அடையாற்றிலே முந்நூறு பேருக்கு மேல் அவரிடம் பயின்றார்கள். 1940-இல் இத்தாலி போரிலே குதித்தது. வெள்ளை அரசு, பகை நாட்டவன் என்று மாரியோவைச் சிறை வைத்தது; அம்மையாரை அடையாறு எல்லைக்குள் நிறுத்தியது. ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாம் பிறந்தநாள். வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மாரியோவை விடுவிப்பதாக. அதிலே மாரியோவை அவருடைய மகன் என்றே குறித்திருந்தார்கள். நாற்பதாண்டுகள் ஊரார்முன் சொல்ல முடியாத உறவுச்சொல், அரசாங்கத் தாளிலே வந்தது! 1952 மே 6-இல், ஆலந்து நாட்டிலே மறைந்தார்.

மண்டபத்துத் தோழரிடம் இவ்வளவையும் சொன்னோம். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு, சான்றிதழுக்கு ராமநாதபுரத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குத் தாயை அழைத்துச் செல்க, கூலி போகும் நாளுக்குக் கிளை பொறுப்பேற்கட்டும் என்றோம். பாட்டியிடம், இரண்டு ஓலைப் பட்டையைப் பையன் கையிலே கொடுத்துப் பார் ஆத்தா என்று கேட்டுக்கொண்டோம். கொடுத்தாள். வாயிலே வைத்துக் கடித்தான். மறுபடியும் கொடுத்தாள்.