நெஞ்செரிச்சலைத் தீர்த்த ‘மடிப்பு’: ஐன்ஸ்டீனுக்கே ஆபரேஷன் செய்த இந்த டாக்டர் யார்?

சாப்பிட்டுவிட்டு படுத்தால் போதும், நெஞ்சு எரியும், தொண்டை வரை புளிப்பு ஏறும். பலருக்கு இது பழகிப்போன தொல்லை. ஒரு மாத்திரை போட்டால் அடங்கிவிடும். ஆனால் சிலருக்கு மாத்திரைக்கும் அடங்காது. அப்போது டாக்டர்கள் பரிந்துரைக்கும் ஆபரேஷன்களில் முக்கியமானது, நிசன் ஃபண்டோப்ளிகேஷன். இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் ருடால்ஃப் நிசன். நாடு விட்டு நாடு துரத்தப்பட்ட ஒரு ஜெர்மன் யூத டாக்டர்.

ஹயாட்டஸ் ஹெர்னியா என்றால் என்ன?

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரைதான் உதரவிதானம். அதில் இருக்கும் ஒரு ஓட்டை வழியாகத்தான் உணவுக்குழாய் கீழே இறங்கி இரைப்பையில் சேர்கிறது. அந்த ஓட்டை தளர்ந்து, இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிட்டால் அதுதான் ஹயாட்டஸ் ஹெர்னியா. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வு பலவீனமாகி, அமிலம் மேலே வரும்.

குழந்தைகள் பிறக்கும்போதே உதரவிதானத்தில் துளையோடு பிறக்கும் பிரச்னை வேறு. அது உயிருக்கே ஆபத்தானது, அதற்கான சிகிச்சையும் வேறு.

போரில் பாய்ந்த குண்டு

1896-ல் நைஸ் என்ற ஊரில் பிறந்தார் நிசன். அன்று ஜெர்மனியில் இருந்த அந்த ஊர், இன்று போலந்தில் இருக்கிறது. அப்பாவும் சர்ஜன்தான். முதல் உலகப் போரில் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்த நிசனின் நுரையீரலில் குண்டு பாய்ந்தது. அதன் பாதிப்பு வாழ்நாள் முழுக்க தொடர்ந்தது.

போருக்குப் பிறகு, அந்தக் காலத்தின் புகழ்பெற்ற சர்ஜன் ஃபெர்டினான்ட் சாவர்ப்ரூக்கிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1931-ல் பெர்லினில் ஒரு சிறுமியின் ஒரு பக்க நுரையீரலை முழுவதுமாக அகற்றினார். சிறுமி பிழைத்தாள். மருத்துவ உலகம் நிசனைத் திரும்பிப் பார்த்தது.

ஹிட்லர் வந்தார், வேலை போனது

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத டாக்டர்களை மருத்துவமனைகளிலிருந்து வெளியேற்றும் நடவடிக்கை தொடங்கியது. நிசன் ஜெர்மனியை விட்டே கிளம்பினார். அதே நேரத்தில் துருக்கி தன் பல்கலைக்கழகத்தை சீரமைக்க ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்ட பேராசிரியர்களை வரவேற்றது. இஸ்தான்புல்லில் அறுவை சிகிச்சைத் துறைக்குத் தலைவரானார் நிசன்.

கசிவைத் தடுக்க போட்ட மடிப்பு

அங்குதான் அந்தத் திருப்பம். உணவுக்குழாயின் அடியில் மோசமான புண்ணோடு ஒரு இளைஞர் வந்தார். புண் இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குழாயை இரைப்பையோடு தைத்தார் நிசன். தையல் பிரிந்து கசிந்தால் உயிர் போய்விடும். அதனால் இரைப்பைச் சுவரை இழுத்து, தையலைச் சுற்றி ஒரு மடிப்பு போட்டு மூடினார். நோக்கம் அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து அந்த நோயாளியைப் பற்றி விசாரித்தபோது நிசனுக்கு ஆச்சரியம். வால்வையே வெட்டி எடுத்தவருக்கு நெஞ்செரிச்சல் அதிகமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவருக்கு அது இல்லவே இல்லை. பாதுகாப்புக்காக போட்ட மடிப்பு, வால்வு வேலையையும் பார்த்திருந்தது.

ஐன்ஸ்டீனுக்கு ஆபரேஷன்

1939-ல் நிசன் அமெரிக்கா போனார். துறைத் தலைவராக இருந்தவர், அங்கே ஆராய்ச்சி உதவியாளராக மறுபடியும் கீழிருந்து தொடங்கினார். பிறகு நியூயார்க்கில் சர்ஜனாக நிலைபெற்றார்.

1948 டிசம்பரில் அவரிடம் வந்த நோயாளி, ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் பலூன் போல வீங்கியிருந்தது. வீங்கிய குழாயை மாற்றும் வசதி அன்று இல்லை. நிசன் அதைச் சுற்றி செல்லோஃபேன் தாளை வைத்தார். தாள் உறுத்தும் இடத்தில் தழும்பு திசு வளர்ந்து, குழாய்ச் சுவர் கெட்டியாகும் என்பது கணக்கு. அதன் பிறகு ஐன்ஸ்டீன் 6 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது, இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

பழைய மடிப்பு, புது வைத்தியம்

1952-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பேராசிரியரானார் நிசன். அந்தக் காலத்தில் பல சர்ஜன்கள் இரைப்பையைக் கீழே இழுத்து, ஓட்டையை மட்டும் தைத்தார்கள். பலருக்கு நெஞ்செரிச்சல் திரும்பி வந்தது. ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது, வால்வும் வேண்டும் என்பதை இஸ்தான்புல் நோயாளி உணர்த்தியிருந்தார்.

1955-ல், ஹெர்னியா இல்லாமலேயே அமிலம் மேலேறி அவதிப்பட்ட 49 வயது பெண்ணுக்கு, எதையும் வெட்டி எடுக்காமல் இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைத்தார். தொல்லை நின்றது. அடுத்த ஆண்டு அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

இன்று எப்படி செய்கிறார்கள்?

முதலில் எண்டோஸ்கோபி, பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்-ரே. தேவைப்பட்டால் 24 மணி நேர அமில அளவு சோதனையும், உணவுக்குழாய் எவ்வளவு பலமாக உணவைத் தள்ளுகிறது என்ற சோதனையும் நடக்கும். எடைக் குறைப்பு, உணவுக் கட்டுப்பாடு, மாத்திரைதான் முதல் சிகிச்சை. பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் தேவைப்படாது.

ஆபரேஷனில் 3 வேலைகள்: இரைப்பையைக் கீழே இறக்குவது, ஓட்டையைத் தைத்துச் சுருக்குவது, மடிப்பு போடுவது. 1991 முதல் இது லேப்ராஸ்கோபியில், சிறு துளைகள் வழியாகவே நடக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. மடிப்பு இறுகினால் விழுங்க சிரமம், ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்புசம் வரும். அதனால் இன்று மடிப்பை நிசன் போட்டதைவிடக் குட்டையாக, தளர்வாக போடுகிறார்கள். சிலருக்கு முழுச் சுற்றுக்குப் பதில் முக்கால் சுற்று மட்டும்.

1981-ல் பாசல் அருகே நிசன் இறந்தபோது அவருக்கு வயது 84. லேப்ராஸ்கோபி காலத்தை அவர் பார்க்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: விழுங்க முடியாமல் போவது, காரணமே இல்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம் இருந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாள் கடத்தாதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க. திடீரென நெஞ்சு வலித்தால் அதை வாயுத் தொல்லை என்று நினைத்து விட்டுவிடாமல், முதலில் இதயத்தைப் பரிசோதிப்பது அவசியம்.