மண்ணிலும் சீமெந்திலும் மறைந்த விலங்குகளை வடித்தவர்: பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ்

எமது ஆலய வாகனசாலையிலே யாளியும் மகரமும் நிற்பதை அடியார்கள் அறிவீர்கள். எவருமே கண்ணாற் கண்டிராத இவ்விலங்குகளுக்கு ஆசாரிமார் எப்படித்தான் பல்லும் நகமும் வைத்தார்களோ என்று சிறுவயதில் யான் வியந்ததுண்டு. ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்திலே ஒரு சிற்பிக்கும் இத்தகைய வேலை வந்து சேர்ந்தது. அவர் செய்யவேண்டியிருந்தவை மெய்யாகவே இப்பூமியில் வாழ்ந்து அழிந்துபோனவை. ஆனால் அன்று அறிஞர்களின் கையில் இருந்தவையோ சில பற்களும் உடைந்த எலும்புகளுமே.

அச்சிற்பியின் பெயர் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ். 1807ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி லண்டனிலே பிறந்தவர். வில்லியம் பெனஸ் என்னும் சிற்பியிடம் தொழில் பயின்றார். டார்வின் 'பீகிள்' கப்பலிற் சென்று சேகரித்த மீன்களையும் ஊர்வனவற்றையும் வரைந்தோருள் இவரும் ஒருவர். பின்னர் டார்பி பிரபு தமது நோஸ்லி மாளிகைத் தோட்டத்தில் வளர்த்த அபூர்வ விலங்குகளை வரையும் பணியில் சில ஆண்டுகள் இருந்தார். உயிருள்ள விலங்கின் தோல் எங்கே மடியும், நடக்கையில் தோள் எப்படி அசையும் என்பதை அங்கேதான் கண்ணாரக் கண்டு படித்தார்.

1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கென எழுப்பப்பட்ட கண்ணாடி மாளிகையை, கண்காட்சி முடிந்ததும் கழற்றி சிடனம் என்னுமிடத்தில் மீண்டும் நிறுவினார்கள். அதன் பூங்காவிலே அழிந்துபோன விலங்குகளை முழு அளவிற் செய்து நிறுத்தும் பொறுப்பு 1852இல் ஹோக்கின்ஸ் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எலும்பியலில் புகழ்பெற்ற றிச்சர்ட் ஓவன் ஆலோசகராக இருந்தார்.

வேலை நடந்த முறையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். முதலில் எலும்புகளை அளந்து சிறிய மாதிரி ஒன்று செய்வார். அதன் அளவுகளைப் பெருக்கி, முழு உருவத்தைக் களிமண்ணில் எழுப்புவார். களிமண் உருவத்தின் மேல் சாந்து பூசி அச்சு எடுக்கப்படும். ஒரே அச்சாகப் பூசினால் கழுத்து மடிப்பிலும் காலிடுக்கிலும் சிக்கிக் கழற்ற முடியாது போகும். ஆகவே துண்டு துண்டாக எடுத்து, பின்னர் பொருத்தவேண்டும். அந்த அச்சிலிருந்தே சீமெந்து வார்ப்புப் பிறக்கும். உள்ளே செங்கல்லும் இரும்பும் தாங்கி நிற்கும்.

இகுவானோடொன் என்னும் விலங்கின் களிமண் உருவம் மட்டும் 30 தொன் நிறை. மற்றச் சிற்பிகள் பாரமான உருவத்துக்குக் கீழே ஒரு பாறையையோ மரக்குற்றியையோ வைத்து முண்டு கொடுப்பார்கள். இங்கு அதற்கு வழியில்லை. நான்கு கால்களே அத்தனை பாரத்தையும் தாங்கவேண்டும். அதற்காகக் கால்களுக்குள் இரும்புத் தூண்கள் நிறுத்தப்பட்டன. 600 செங்கற்கள், 38 பீப்பா சீமெந்து, 90 பீப்பா உடைகல் என்று அவரே கணக்குக் கொடுத்திருக்கிறார். இது சிலை செய்வதா, வீடு கட்டுவதா என்று கேட்கத் தோன்றும்.

1853 டிசம்பர் 31ஆந் திகதி இரவு, அந்த இகுவானோடொன்னின் அச்சுக்குள்ளேயே மேசை போட்டு, 21 பேரை அழைத்து ஹோக்கின்ஸ் விருந்து வைத்தார். ஓவன் தலைமாட்டிலே அமர்ந்திருந்தார். பத்திரிகைகள் இதைப் படத்துடன் வெளியிட்டன. விளம்பரத்துக்காகச் செய்தார் என்று சொல்வோரும் உளர். ஆயினும் மாதக்கணக்காகப் பாடுபட்டவர் தம் வேலையின் வயிற்றுக்குள் இருந்து ஒருவேளை உண்ண ஆசைப்பட்டதில் என்ன பிழை?

1854 ஜூன் 10ஆந் திகதி விக்டோரியா மகாராணியார் மாளிகையைத் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டே பணமில்லை என்று கூறி விலங்கு வேலையை நிறுத்திவிட்டார்கள்.

அவ்வுருவங்களிற் பிழைகள் உண்டு. இகுவானோடொன்னின் மூக்கின்மேல் ஒரு கொம்பு வைத்திருந்தார்கள். 1878இல் பெல்ஜியம் நாட்டுச் சுரங்கமொன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோது, அது கொம்பு அன்று, கைப்பெருவிரலின் முள் என்பது தெளிவாயிற்று. மெகலோசோரசும் நான்கு காலில் நிற்கிறது. அது இரண்டு காலில் நடந்த விலங்கு. அன்று கிடைத்த எலும்பைக் கொண்டு அன்றைய அறிவுக்கு எட்டியவாறு செய்தார்கள்.

1868இல் ஹோக்கின்ஸ் அமெரிக்கா சென்றார். நியூ ஜேர்சியில் முன்பு கண்டெடுக்கப்பட்ட ஹட்ரோசோரஸ் எலும்புகளை, ஜோசப் லெய்டி என்னும் அறிஞருடன் சேர்ந்து பிலடெல்பியா நகரிலே பொருத்தி நிமிர்த்தினார். உலகில் முதன்முதலாக நிறுத்தப்பட்ட டைனோசர் எலும்புக்கூடு அதுவே. தலையோடு கிடைக்கவில்லை, அதைத் தாமே வடித்தார். இம்முறை விலங்கு இரண்டு காலில் நின்றது. புதிய எலும்பு வந்ததும் தமது பழைய எண்ணத்தைப் பிடித்துக்கொண்டிராமல் மாற்றினார் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே ஆண்டில் நியூயோர்க் நகர மத்திய பூங்காவிலும் பழம்பெரும் விலங்குகளுக்கென ஒரு நூதனசாலை அமைக்க அவரை அழைத்தார்கள். இரண்டு வருடங்களுக்கு மேலாக அவர் பூங்காப் பட்டறையிலே மாதிரிகளும் அச்சுகளும் செய்துகொண்டிருந்தார். 1870இல் பூங்கா நிர்வாகம் கைமாறியது; டிசம்பரில் வேலையை நிறுத்தும்படி சொன்னார்கள். 1871 மே 3ஆந் திகதி ஆட்கள் சம்மட்டியோடு பட்டறைக்குள் புகுந்து, செய்து வைத்த உருவங்களையும் அச்சுகளையும் நொறுக்கினார்கள். நொறுங்கியவற்றைப் பூங்காவிலேயே புதைத்ததாகச் சொல்லப்படுகிறது.

வார்ப்பு உடைந்தால் அச்சிலிருந்து இன்னொன்று வார்க்கலாம். அச்சும் உடைந்தால் மூலவுருவிலிருந்து மறுபடி அச்செடுக்கலாம். மூன்றும் போய்விட்டால் செய்தவனுடைய கையும் நினைவும் மட்டுமே மிச்சம். அவருக்கு அப்போது வயது 64. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, வாகனசாலை இருந்த நிலையைப் பார்த்து நின்ற எம்மவர்க்கு அந்த மனிதருடைய நிலையை அதிகம் விளக்கவேண்டியதில்லை.

இதைச் செய்வித்தவர் அந்நகர அரசியலில் ஊழலுக்குப் பேர்போன ட்வீட் என்றே நெடுங்காலம் நூல்களில் எழுதி வந்தார்கள். 2023இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் பூங்கா நிர்வாகத்தின் பழைய அறிக்கைகளையும் கூட்டக் குறிப்புகளையும் புரட்டிப் பார்த்து, கட்டளையிட்டவர் நிர்வாகப் பொருளாளர் ஹென்றி ஹில்டன் என்று எடுத்துக்காட்டினார்கள். வாழ்நாளெல்லாம் கந்தோரிலே லிகிதராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதிய எனக்கு இச்செய்தி ஒரு தனித் திருப்தியைத் தந்தது. எவரும் வாசிப்பதில்லை என்றே எழுதி வைப்போம். நூற்றைம்பது வருடத்துக்குப் பின்னும் ஒருவர் வாசிக்கிறார்.

ஹோக்கின்ஸ் அச்சுகளுக்குத் திரும்பவில்லை. பிறின்ஸ்டன் கல்லூரிக்காகப் பழைய உலகக் காட்சிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். 1878இல் இங்கிலாந்து திரும்பினார். அவருடைய இல்வாழ்வு நேரானதன்று. 1826இல் மணந்த மனைவி உயிரோடிருக்கையிலேயே 1836இல் இன்னொருவரை மணந்து, அதை மறைத்தும் வைத்திருந்தார். முதல் மனைவி காலமானபின், இரண்டாமவரை 1883இல் முறைப்படி மறுபடியும் மணந்தார். 1894 ஜனவரி 27ஆந் திகதி தமது 86ஆவது வயதிற் காலமானார்.

கண்ணாடி மாளிகை 1936இல் எரிந்து சாம்பலாயிற்று. பூங்காவின் ஏரிக்கரையில் நின்ற சீமெந்து விலங்குகளுக்கு ஒன்றும் நேரவில்லை. 2007இல் அவை அந்நாட்டின் முதலாந்தரப் பாதுகாப்புச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. புதுப்பித்தவர்களும் இகுவானோடொன்னின் மூக்குக் கொம்பைக் கழற்றவில்லை. அவர் வைத்த இடத்திலேயே அது இன்றும் இருக்கிறது.