மீன்களைக் கொன்ற ஒலி, மூளைக்கு மருந்தானது எப்படி? யார் இந்த பால் லான்ஜெவின்?

ஸ்கேன் சென்டரில் வயிற்றில் ஜெல் தடவி வைக்கும் கருவி எல்லோருக்கும் தெரியும். அதே அல்ட்ராசவுண்ட் ஒலியை வைத்து, மண்டையைத் திறக்காமலே மூளைக்குள் சிகிச்சை செய்வதும் இப்போது நடக்கிறது. அந்த ஒலியை நினைத்த வடிவத்துக்குக் கொண்டுவர 'ஒலி ஹோலோகிராம்' என்ற தகடுகளை விஞ்ஞானிகள் சோதித்து வருகிறார்கள். இதற்கெல்லாம் வழி போட்டவர் டாக்டர் இல்லை. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கிளம்பிய பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லான்ஜெவின்.

கியூரியின் மாணவர்

1872 ஜனவரி 23 அன்று பாரிஸில் பிறந்தவர். அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் பியர் கியூரி. ஆமாம், மேரி கியூரியின் கணவர்தான். குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880ல் பியரும் அவருடைய அண்ணன் ஜாக்கும் கண்டுபிடித்திருந்தார்கள். கேஸ் அடுப்பு லைட்டரை 'டக்'னு அழுத்தினால் தீப்பொறி வருதே, அதே சங்கதி. தலைகீழாக, மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும்.

லான்ஜெவின் என்றாலே பலரும் பேசுவது 1911ல் மேரி கியூரியோடு அவரை இணைத்துக் கிளம்பிய காதல் சர்ச்சையைத்தான். பியர் இறந்து 5 வருஷம் கழித்து நடந்தது அது. கடிதங்கள் பத்திரிகையில் வந்தன, ஒரு ஆசிரியரோடு துப்பாக்கிச் சண்டை வரை போனது. கடைசியில் இரண்டு பேருமே சுடவில்லை.

கடலுக்குள் ஒரு டார்ச் லைட்

முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கடல் நீருக்குள் வெளிச்சமும் ரேடியோ அலையும் தூரம் போகாது. ஒலி போகும். ஆனால் சாதாரண ஒலி நாலாபக்கமும் சிதறிவிடும். மனிதக் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அதைத் தாண்டினால் ஒலியை டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரே திசையில் அனுப்பலாம்.

ரஷ்யப் பொறியாளர் கான்ஸ்டன்டின் சிலோவ்ஸ்கி 1915ல் கொடுத்த யோசனையைக் கையில் எடுத்தார் லான்ஜெவின். 1917ல் குருநாதரின் குவார்ட்ஸ் ஞாபகம் வந்தது. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே படிகத் துண்டுகளைச் சாண்ட்விச் மாதிரி வைத்தார். 1918 தொடக்கத்தில் நீர்மூழ்கியில் பட்டுத் திரும்பிய எதிரொலி கிடைத்தது. அதே நவம்பரில் போர் முடிந்துவிட்டதால், கருவிக்குப் போர்க்களத்தில் வேலையே வரவில்லை.

சோதனையின்போது இன்னொன்றும் நடந்தது. ஒலிக்கற்றைக்குள் நீந்தி வந்த மீன்கள் செத்தன. தண்ணீரில் கை வைத்தால் கடுமையாக வலித்தது. உயிருள்ள திசுவை ஒலியால் தாக்க முடியும் என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. அவருக்குத் தேவை நீர்மூழ்கி, அதனால் அந்தப் பக்கம் அவர் போகவில்லை. துலோனில் இதை நேரில் பார்த்த அமெரிக்கர் ராபர்ட் வுட், ஆல்பிரட் லூமிஸோடு சேர்ந்து 1927ல் உயிரினங்கள் மீதான விளைவை முறையாக ஆராய்ந்தார்.

நாஜிகள் காலத்தில்

பாசிசத்தை வெளிப்படையாக எதிர்த்தவர் லான்ஜெவின். 1940 அக்டோபரில் ஜெர்மானியர்கள் கைது செய்து, பிறகு ட்ரோய் நகரில் வீட்டுக்காவலில் வைத்தார்கள். மருமகன் ஜாக் சாலமன் 1942ல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள் எலென் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பினார். 1944ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிய லான்ஜெவின், விடுதலையான பாரிஸுக்குத் திரும்பி, 1946 டிசம்பர் 19ல் இறந்தார்.

இப்போது ஹோலோகிராம் எதற்கு?

ஒலியை நேராக அனுப்ப அவர் வழி காட்டினார். வடிவம் கொடுப்பதுதான் பாக்கி இருந்தது. மண்டை ஓடு இடத்துக்கு இடம் தடிமன் மாறுவதால், உள்ளே போகும் ஒலி கலைந்துவிடும். கைநடுக்க நோய்க்கு 2016ல் அமெரிக்கா அனுமதித்த கருவியில் இதைச் சரிசெய்ய 1,024 ஒலி மூலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக இயக்க வேண்டும்.

அதே 2016ல் ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினார்கள். ஒரே ஒரு ஒலி மூலம், அதன் முன்னால் 3டி பிரிண்டரில் செய்த ஒரு தகடு. தகடு ஓரிடத்தில் தடிமன், இன்னோரிடத்தில் மெலிசு. அதற்கேற்ப ஒலி முன்பின்னாக வெளியேறி, தேவையான இடத்தில் தேவையான வடிவில் ஒன்றுசேரும். 2019ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் மண்டை ஓடு ஏற்படுத்தும் கலைவையும் தகட்டிலேயே கணக்கிட்டுச் சரிசெய்து, மாதிரி மண்டை ஓட்டில் சோதித்தார்கள். மருத்துவமனைகளில் வழக்கமான சிகிச்சையாக இந்தத் தகடு இன்னும் வரவில்லை.